மிளகு கேட்ட ரோமாபுரி

இத்தாலியச் சமையலின் இன்றைய கவர்ச்சி எளிமை. தக்காளி, ஆலிவ் எண்ணெய், திருநீற்றுப்பச்சிலை இருந்தால் ஒரு பாஸ்தா தயார். இந்தியச் சமையலுக்கோ தாளிப்பும் மசாலாவும்தான் உயிர்.

பழைய ரோமாபுரி இந்த விஷயத்தில் நம் கட்சி. அபிசியஸ் பெயரில் வழங்கும் சமையல் நூலில் பெரும்பாலான பண்டங்களுக்கு மிளகு உண்டு. அந்த மிளகு கேரளக் கரையின் முசிறியிலிருந்து கப்பலேறியது. இத்தாலிய ஒயின் சாடிகள் புதுச்சேரி அருகேயுள்ள அரிக்கமேடு வரை வந்திறங்கின. கி.பி. 408இல் ரோமை முற்றுகையிட்ட விசிகோத் அரசன் அலாரிக், பொன் வெள்ளியோடு 3,000 பவுண்டு மிளகும் கேட்டு வாங்கினான்.

அமெரிக்காவிலிருந்து கடல் கடந்த பயிர்கள் இரு அடுப்படிகளையும் மாற்றின. நேப்பிள்ஸில் அன்டோனியோ லாட்டினி 1690களில் தக்காளிச் சாஸுக்குச் செய்முறை எழுதினார். இந்தியாவுக்கு மிளகாயைக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர்.

பாஸ்தாவின் சிவப்புக்கும் நம் குழம்பின் சிவப்புக்கும் வயது 500 ஆண்டுகூட ஆகவில்லை.