நன்னீர்ப் பஞ்சுயிரிகள்

துளையுடலிகள் தொகுதியில் கடலை விட்டு ஆறு, குளம், ஏரிகளில் குடியேறிய விலங்குகள். உலகில் இதுவரை விவரிக்கப்பட்ட பஞ்சுயிரி இனங்கள் ஒன்பதாயிரத்தைத் தாண்டும். அவற்றில் நன்னீரில் வாழ்பவை ஏறத்தாழ 240. மூழ்கிய கல், மரவேர், மதகின் சுவர் ஆகியவற்றின்மேல் பூச்சாகவோ சிறு திண்டாகவோ படர்ந்திருக்கும். பச்சை நிறத்தில் கிடைப்பவற்றைப் பாசி என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். அந்தப் பச்சை அவற்றின் செல்களில் தங்கியுள்ள நுண்பாசிகளுடையது.

வாய், குடல், நரம்பு, இதயம் எதுவும் இவ்வுயிருக்கு இல்லை. உடல் முழுவதும் நுண்துளைகள். அவற்றின் வழியே நீர் நுழைந்து, உள்ளறைகளைக் கடந்து, ஆஸ்குலம் என்ற பெரிய திறப்பு வழியே வெளியேறுகிறது. அறைகளின் சுவரில் உள்ள கொயனோசைட்டுகள் என்ற செல்கள் தம் கசையிழையை ஓயாது வீசி இந்த ஓட்டத்தை உண்டாக்குகின்றன. நீரோடு வரும் பாக்டீரியாவும் நுண்துகள்களும்தான் உணவு. உடலைத் தாங்குவது சிலிக்காவாலான முட்களும் அவற்றைப் பிணைக்கும் ஸ்பாஞ்சின் என்ற புரதமும். 1907இல் எச். வி. வில்சன் ஒரு கடற்பஞ்சை மெல்லிய துணியில் பிழிந்து செல்களைப் பிரித்தார். பிரிந்த செல்கள் மீண்டும் ஒன்றுகூடி உயிருள்ள பஞ்சுகளாயின.

இது விலங்கா, செடியா என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. 1820களில் எடின்பரோவில் ராபர்ட் கிராண்ட் நுண்ணோக்கியின் கீழ் நீர் உள்ளே போவதையும் வெளியே பீறிடுவதையும் கண்ட பிறகே அது தீரத் தொடங்கியது. இந்தியாவில் இந்த ஆய்வைத் தொடங்கியவர் பம்பாயில் மருத்துவராக இருந்த ஹென்றி ஜான் கார்ட்டர். அவர் 1840களில் அந்நகரக் குளங்களின் பஞ்சுயிரிகளை வளர்த்துப் பார்த்து விவரித்தார். தென்னாசியாவில் பரவலாகக் காணப்படும் இனம் ஒன்றுக்கு 1863இல் பவர்பேங்க் என்ற ஆய்வாளர் கார்ட்டரின் பெயரையே சூட்டினார். இன்று அது யூனாப்பியஸ் கார்ட்டரி.

இந்தியத் தென்கோடியின் பஞ்சுயிரிக் கணக்கு நெல்சன் அன்னண்டேலோடு தொடங்குகிறது. கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் பணியாற்றிய இவர்தான் 1916இல் இந்திய விலங்கியல் அளவைத் துறையை நிறுவியவர். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு கணவாய் இறங்கிப் புனலூர் போகும் வழியில் உள்ள தென்மலையிலிருந்து கிடைத்த, பொன்னிறத்தில் மெத்தென்று இருந்த ஒரு சிற்றுயிரை 1909இல் பெக்டிஸ்பாஞ்சில்லா ஆரியா என்று விவரித்தார். அதற்காகப் புதுப் பேரினமே உருவாக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு கன்னியாகுமரிப் பகுதியிலிருந்து இன்னோர் இனம். 1911இல் வெளிவந்த அவருடைய நன்னீர்ப் பஞ்சுயிரி நூல், நூறாண்டு கடந்தும், இந்தத் துறையில் இறங்குவோர் முதலில் புரட்டும் நூலாகவே இருக்கிறது. அதைப் பழசு என்று தள்ள முடியாது.

தென்மலை உயிரைத் தனியே பிரித்துக் காட்டியது அதன் பொன்னிறம் அல்ல. நிறமும் உருவமும் நீருக்கும் ஒளிக்கும் தக்கபடி மாறுபவை. அடையாளம் ஜெம்யூலில் இருக்கிறது. குளம் வற்றும்போதோ நீர் உறையும்போதோ பஞ்சுயிரியின் உடல் அழுகிப்போகும். அதற்கு முன்பே உணவுச் சேமிப்புள்ள செல்களைத் திரட்டி, கெட்டியான உறையிட்டு, கடுகைவிடச் சிறிய உருண்டைகளை அது விட்டுச்செல்கிறது. இவையே ஜெம்யூல்கள். வறட்சியைத் தாங்கிக் கிடந்து, நீர் வந்ததும் முளைக்கும். பல இனங்களில் உறையின்மேல் தனி முட்கள் பதிந்திருக்கும். பெக்டிஸ்பாஞ்சில்லாவில் அம்முட்களின் இரு முனைகளிலும் சீப்பின் பற்கள்போல் வரிசையாகச் சிறுமுட்கள் நிற்கும். 1968இல் பென்னி, ராசெக் என்ற ஆய்வாளர்கள் உலக நன்னீர் இனங்களைத் திருத்தி அடுக்கியபோதும் இம்முட்களையே பெரிதும் நம்பினர்.

வகைப்பாட்டில் பிந்தைய மாற்றங்கள் மூலக்கூறு ஆய்வால் வந்தவை. பஞ்சுயிரிகள் இன்று நான்கு வகுப்புகள்: சுண்ணாம்பு முள்ளுடையவை, கண்ணாடிப் பஞ்சுகள், டெமோஸ்பாஞ்சுகள், 2012இல் வகுப்பாக உயர்த்தப்பட்ட ஹோமோஸ்கிளீரோமார்ஃபா. நன்னீர் இனங்கள் டெமோஸ்பாஞ்சுகளில் அடங்கும். 2015இல் இவற்றுக்கு ஸ்பாஞ்சில்லிடா என்ற தனி வரிசை கிடைத்தது.

இனி, களத்தில் தேடுவோருக்கு: தென்மலைக்கு வடக்கே இடுக்கி மலைகள். அதற்கும் வடக்கே பாலக்காடு. ஆனைமலையில் பிறக்கும் பாரதப்புழா கோடையில் பாலக்காட்டில் மணல்திட்டாகக் கிடக்கும். 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு, 1955இல் திறந்த மலம்புழா, 1970களின் இடுக்கி ஆகிய அணைகளில் நீர்மட்டம் பருவத்துக்கேற்ப ஏறி இறங்கும். ஜெம்யூல் இல்லாத உயிர்களுக்கு இத்தகைய நீர்நிலை தொல்லை; பஞ்சுயிரிக்கு வாழத் தக்க இடம். இங்கே தேடுபவர் நிறைநீரில் தேடி அலைய வேண்டாம். மழை ஓய்ந்து மட்டம் இறங்கும் மாதங்களில், வெளிப்படும் பாறையிலும் மரக்கட்டையிலும் ஒட்டிய காய்ந்த பொருக்கைச் சுரண்டி எடுப்பது மேல். ஜெம்யூல் இல்லாத மாதிரிக்கு நுண்ணோக்கியை மட்டும் வைத்து உறுதியாகப் பெயரிடுவது கடினம்.