தொப்பிக் கடையிலிருந்து தபால்தலை வரை: டி லா ரூ குடும்பத்தின் கதை

தாத்தா சேர்த்து வைத்த பழைய தபால்தலை ஏடு உங்கள் வீட்டில் இருக்கிறதா? விக்டோரியா அரசியாரின் தலை பொறித்த நீரிணைக் குடியேற்றத் தபால்தலை அதில் இருந்தால், கொஞ்சம் கவனமா பாருங்க. அது லண்டனில் ஒரு குடும்ப அச்சகத்தில் அச்சானது.

தாமஸ் டி லா ரூ 1793-இல் கெர்ன்சித் தீவில் பிறந்தவர். அச்சுத்தொழில் பழகியவர். லண்டனுக்கு வந்து முதலில் என்ன செய்தார் தெரியுமா? வைக்கோல் தொப்பி விற்றார்! பிறகு காகிதம், எழுதுபொருள், அச்சு எனத் திரும்பினார். அக்காலத்தில் சீட்டுக்கட்டுகளை மரக்கட்டையால் அச்சடித்துக் கையால் வண்ணம் பூசுவார்கள். 1830களின் தொடக்கத்தில் அவர் வண்ணத்தையும் அச்சிலேயே கொண்டுவந்தார். தொழில் வளர்ந்தது.

அடுத்த வளர்ச்சிக்குக் காரணம் எங்கிருந்து வந்தது? அரசாங்கத்திடமிருந்து. 1840-க்கு முன் கடித உறையும் ஒரு தாளாகக் கணக்கிடப்பட்டது. உறை போட்டால் கட்டணம் கூடும். அதனால் கடிதத்தையே மடித்து ஒட்டி அனுப்பினார்கள். 1840-இல் ரோலண்ட் ஹில்லின் ஒரு பென்னி தபால் முறை வந்தது. கட்டணம் எடையைப் பொறுத்தது என்றானதும் உறைக்குத் தேவை பெருகியது. தாமஸின் மகன் வாரனும், ரோலண்டின் சகோதரர் எட்வின் ஹில்லும் உறை மடிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார்கள். 1851 லண்டன் பெருங்கண்காட்சியில் அது மணிக்கு 2,000-க்கும் மேற்பட்ட உறைகளை மடித்துக் காட்டியது. இதே வாரன்தான் 1860-இல் ஸ்பெயினில் முழுச் சூரிய கிரகணத்தைப் படம்பிடித்த வானியலாளர்!

சரி, தபால்தலை? முத்திரை மையைக் கழுவிவிட்டு, தலையை மறுபடி ஒட்டும் மோசடியை எண்ணி அரசு கவலைப்பட்டது. கழுவினால் தானும் கரைந்துபோகும் மையை டி லா ரூ பயன்படுத்தியது. 1855-இல் நான்கு பென்னி தபால்தலை அதன் கைக்கு வந்தது. 1867-இல் நம் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை லண்டனின் நேரடி ஆட்சிக்குள் வந்தபோது, முதலில் இந்தியத் தபால்தலைகள்மீது கிரீடமும் சென்ட் மதிப்பும் அச்சிட்டுப் பயன்படுத்தினார்கள். அந்த இந்தியத் தலைகளும் டி லா ரூ அச்சிட்டவைதாம். பிறகு நமக்கென்றே தனித் தலைகளை அது அச்சிட்டது. 1880-இல் பிரிட்டனின் ஒரு பென்னி தலையும் அதற்கே கிடைத்தது.

ஆனால், அரசு கொடுத்ததை அரசே எடுத்துக்கொள்ளவும் முடியும், இல்லையா? 1910-இன் முடிவில் பிரிட்டிஷ் தபால்தலை ஒப்பந்தம் கைமாறியது. ஒரே பெரிய வாடிக்கையாளரை நம்பும் தொழிலின் பலமும் பலவீனமும் அதுதான்.

தேர்வில் பலர் ஆண்டுகளை மட்டும் வரிசையாக எழுதி மதிப்பெண்ணை இழக்கிறீர்கள். ‘1840’ என்று எழுதினால் போதாது. 1840-ஆல் என்ன மாறியது என்றும் எழுதுங்கள்.

பயிற்சி: டி லா ரூவின் வளர்ச்சிக்குப் பெரிதும் உதவியது குடும்பத்தின் திறமையா, அரசின் கொள்கையா? இரண்டு சான்றுகளுடன் விளக்குக.