ஒண்டாச்சி: ஒரு குடிப்பெயரின் வரலாறு

தமிழ் மக்களிடையே குடிப்பெயர் வழங்கும் வழக்கம் பெரும்பான்மையும் இல்லை. தந்தையின் பெயரை முன்னிட்டுத் தன் பெயரைக் கூறுதலே நம்மனோர் மரபு. தந்தை பெயர் மகனுக்கு முன்னொட்டாகும். பேரனிடத்து அது மறைந்துவிடும். ஆகவே, தமிழ்ப்பெயர் ஒன்று தலைமுறைதோறும் மாறாது மூன்றரை நூற்றாண்டு நிலைத்து நிற்குமாயின், அதற்குத் தமிழ் மரபின் எல்லைக்கு அப்பாற்பட்ட காரணம் ஒன்று இருத்தல் வேண்டும். அவ்வாறு நின்ற பெயர்களுள் 'ஒண்டாச்சி' என்பதும் ஒன்று.

ஆங்கிலத்தில் எழுதும் கனடா நாட்டு நாவலாசிரியர் மைக்கேல் ஒண்டாச்சியால் இப்பெயர் உலகெங்கும் அறியப்பட்டுள்ளது. எனினும், அதன் எழுத்து வடிவை மட்டும் கண்டோர் அதனை ஒல்லாந்துப் பெயர் என்றே கொள்வர். தமிழில் எழுதுவோரும் அதனை ஒரு சீராக எழுதுவதில்லை. ஆங்கில உச்சரிப்பைச் செவிவழிக் கேட்டு, ஓர் அயற்பெயரைப்போல் எழுதுவாரும் உளர். பெயரை எங்ஙனம் எழுதுவது என்னும் வினா சிறியதாகத் தோன்றினும், அப்பெயர் யாருடையது என்னும் வினா அதனுள் அடங்கியுள்ளது. ஆதலின் அதன் தோற்றத்தையும் வரலாற்றையும் இன்றைய வழக்கையும் ஈண்டு ஆராய்வோம்.

பெயரின் வடிவம்

ஒல்லாந்தர் மொழியில் ஒரு பெயர்ச்சொல்லின் இறுதியில் 'ட்ஜே' என்று எழுதப்படும் ஈறு சிறுமைப்பொருள் தருவது. கத்தரீனா என்னும் பெண்பெயர் செல்லமாகக் 'காட்ஜே' என எழுதப்படும். ஒலிக்குங்கால் அது ஏறத்தாழக் 'காச்சே' என்றே கேட்கும். இவ்வீற்றைக் கண்ட அளவில், ஒண்டாச்சி என்னும் பெயரின் ஒல்லாந்து வடிவமும் அம்மொழிக்கே உரிய சொல்லென்று மயங்குதல் இயல்பே. ஆனால் பகுதியை நோக்குவோமாயின் மயக்கம் நீங்கும். காட்ஜே என்பதில் ஈற்றை நீக்கினால் கத்தரீனாவின் குறுக்கம் எஞ்சும். இப்பெயரில் ஈற்றை நீக்கினால் அவ்வாறு பொருந்தும் ஒல்லாந்துப் பெயர் எதுவும் எஞ்சுவதில்லை. ஆகவே இது சிறுமை ஈறன்று. வேற்றுமொழி ஒலியொன்றைக் காட்டக் கையாண்ட எழுத்து என்பது பெறப்படும்.

அவ்வொலி யாது? ஒல்லாந்தர் தம் எழுத்தில் 'டி', 'ஜே' என்னும் இரண்டு எழுத்துகளையும் சேர்த்தெழுதிச் சகர ஒலியைக் குறித்தனர். சுமத்திரா தீவின் வடமுனையிலுள்ள அச்சே நாட்டின் பெயரை அவர்கள் அவ்வெழுத்துகளாலேயே எழுதினர். இந்தோனேசிய நாட்டில் 1972ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் நடைபெறும் வரை சகரத்திற்கு அவ்விரண்டு எழுத்துகளே வழங்கின. அச்சே என்பதை எழுதிய முறையே ஆச்சி என்பதை எழுதிய முறையும் ஆகும். எனவே பெயரின் பிற்பகுதி 'ஆச்சி' என்பது தெளிவு.

முற்பகுதியில் உள்ள மெல்லெழுத்தும் வல்லெழுத்தும் 'ண்ட்' ஆகுமா, 'ந்த்' ஆகுமா என ஐயுறுதற்கு இடமுண்டு. உரோம எழுத்து இவ்விரண்டனையும் வேறுபடுத்துவதில்லை. கண்டி என்னும் ஊர்ப்பெயரையும், கொழும்புச் செட்டிகளிடையே வழங்கும் கந்தப்பா என்னும் குடிப்பெயரையும் அயலார் எழுதுங்கால் ஒரே எழுத்துகளையே கையாண்டுள்ளமை காண்க. இத்தகைய இடத்து எழுத்தைவிட வழக்கே சான்றாகும். தமிழில் 'ஒண்டாச்சி' என எழுதும் வழக்கு உண்மையின் அவ்வடிவையே நாம் ஏற்கின்றோம். பெயரைக் கண்டவழி எல்லாம் அதனைப் பிரித்துப் பொருள் கற்பித்தல் பெயராய்வில் பெரும்பிழைக்கு வழிகோலும். ஒலி நிறுவும் எல்லையளவில் நிற்பதே முறை. அவ்வெல்லைக்குள் இப்பெயரின் தமிழ்மை நிறுவப்படுகின்றது.

மரபுவழிச் செய்தியும் காலமும்

இக்குடியின் முதல்வர் தஞ்சையினின்று இலங்கை சென்ற மருத்துவர் என்பது குடும்பத்தார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. ஒல்லாந்த ஆளுநர் ஆதிரியான் வான் டெர் மெய்டன் என்பாரின் மனைவியின் நோய் தீர்க்க அவர் 1659ஆம் ஆண்டில் கொழும்பிற்கு அழைக்கப்பட்டார் என்பர். மைக்கேல் ஒண்டாச்சி தம் குடும்ப வரலாறாக 1982ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இச்செய்தியை வேறொரு வடிவில் தருகின்றார். அதன்படி மூதாதையர் வந்த ஆண்டு 1600. நோயுற்றவர் ஆளுநரின் மகள். பரிசிலாகக் கிடைத்தவற்றுள் ஒன்று, தம் பெயரின் ஒல்லாந்து வடிவம்.

இவ்விரண்டனுள் கொள்ளத்தக்கது எது என்பதைக் காலக்கணக்கே தெளிவிக்கும். ஒல்லாந்தக் கடற்றலைவர் ஸ்பில்பெர்கன் மட்டக்களப்புக் கரையை அடைந்தது 1602ஆம் ஆண்டில். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பினி நிறுவப்பட்டதும் அவ்வாண்டே. 1600இல் கொழும்பு போர்த்துக்கேயர் கையில் இருந்தது. ஆண்டு ஒல்லாந்த ஆளுநர் இருந்திருத்தல் இயலாது. ஒல்லாந்தர் கொழும்புக் கோட்டையைக் கைப்பற்றியது 1656ஆம் ஆண்டு மே திங்களில். வான் டெர் மெய்டன் 1653 முதல் 1660 வரையும், பின்னர் 1661 முதல் 1663 வரையும் ஆளுநராய் இருந்தவர். ஆகவே 1659 என்னும் ஆண்டு அவர் பதவிக்காலத்தோடு இயைகின்றது.

தஞ்சையோடு கொழும்பிற்கு அக்காலத்து இருந்த தொடர்பும் இதற்கு அரண் செய்கின்றது. 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். தஞ்சையை அப்போது ஆண்டவர் விசயராகவ நாயக்கர். சோழநாட்டுக் கரையும் ஈழநாட்டுக் கரையும் ஒரே கும்பினியின் கப்பல் வழிக்குள் அடங்கிய அடுத்த ஆண்டிலேயே ஒரு தமிழ் மருத்துவர் கடல் கடந்தார் என்பது நம்பத்தக்க செய்தியே. நாவலாசிரியர் நூலிற் கண்ட ஆண்டு, வாய்மொழியாக வழங்குங்கால் முழு எண்ணாகத் திரண்ட ஆண்டாகலாம். வாய்மொழிச் செய்தியின் உட்கருவை ஏற்று, அதன் ஆண்டை வரலாற்றால் திருத்திக்கொள்ளுதல் ஆராய்வார் கடன்.

குடிப்பெயராக நிலைத்தமை

ஒருவர் பெயர் அவர் வழியினர் அனைவர்க்கும் உரிய பெயராயினமைக்குக் காரணம் பதிவேடு. ஒல்லாந்தர் நிலங்களையும் குடிகளையும் தோம்புகளிற் பதிந்தனர். திருச்சபையார் திருமுழுக்கையும் திருமணத்தையும் ஏட்டில் எழுதினர். சொத்துரிமை, திருமணம், பதவி ஆகிய அனைத்தும் ஏட்டிற் கண்ட பெயரையே பற்றி நின்றன. ஏட்டில் ஒருமுறை எழுதப்பட்ட பெயர் மகனுக்கும் பேரனுக்கும் அடையாளமாகத் தொடர்ந்தது.

ஈண்டு வியத்தற்குரிய செய்தி ஒன்றுண்டு. ஒல்லாந்து நாட்டிலேயே, சிறப்பாக அதன் வடபகுதிகளில், பலர் தமிழரைப் போன்று தந்தை பெயராலேயே வழங்கப்பட்டு வந்தனர். எல்லோரும் குடிப்பெயர் மேற்கொள்ளல் வேண்டும் என நெப்போலியன் ஆணையிட்டது 1811ஆம் ஆண்டில்தான். தாய்நாட்டில் பலர் குடிப்பெயரின்றி வாழ்ந்த காலத்தே, கொழும்பில் ஒரு தமிழ்க்குடி ஒல்லாந்து எழுத்தில் நிலையான குடிப்பெயர் பெற்றுவிட்டது.

இக்குடியினர் ஆண்மக்கட்குத் தலைமுறைதோறும் 'யூரியான்' அல்லது 'யூர்கன்' என்னும் பெயரை இட்டனர். இது ஜார்ஜ் என்னும் பெயரின் ஒல்லாந்து வடிவம். முன்னோர் பெயரைப் பின்னோர்க்கு இடும் தமிழ்ப் பழக்கம், இட்ட பெயர் அயற்பெயராயினும் மாறாமல் இருந்தது எனலாம்.

அக்காலத்துத் தமிழ்க் கிறித்தவர் அனைவரும் இவ்வாறு தமிழ்ப்பெயரைக் காத்தாரல்லர். 1723ஆம் ஆண்டில் கொழும்பிற் பிறந்து, தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பிற்கு உழைத்து, 1790இல் மறைந்த பிலிப்பு தெ மெல்லோ தமிழரே. அவர் குடிப்பெயரோ முற்றும் போர்த்துக்கேயப் பெயர். 1859ஆம் ஆண்டில் 'தமிழ் புளூட்டாக்' என்னும் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்ட சைமன் காசிச்செட்டியின் பெயரில் முற்பகுதி அயன்மை, பிற்பகுதி தமிழ். ஒண்டாச்சி என்பதிலோ சொல் முழுதும் தமிழ். எழுத்து மட்டுமே அயன்மை. இலங்கைக் கரையோரத் தமிழ்க் கிறித்தவர் பெயர்களை இம்மூன்று வகையுள் அடக்கி ஆராய்தல் பயன் தரும்.

குடியிற் சிறந்தோர்

இக்குடியில் ஐரோப்பிய வரலாற்றில் முதற்கண் இடம்பெற்றவர் பீட்டர் பிலிப் யூரியான் குயின்ட் ஒண்டாச்சி. இவர் 1758ஆம் ஆண்டில் கொழும்பிற் பிறந்தவர். தந்தையார் வில்லெம் யூரியான் ஒண்டாச்சி, ஒல்லாந்தத் திருச்சபைப் போதகர். ஊட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பயின்ற குயின்ட், ஆரஞ்சு மரபினரின் ஆட்சியை எதிர்த்து நகர மக்களின் உரிமைக்காக எழுந்த 'நாட்டுப்பற்றாளர்' இயக்கத்திற்கு அந்நகரில் தலைமை தாங்கினார். 1787இல் பிரசியப் படை புகுந்து அவ்வியக்கத்தை ஒடுக்கியபோது நாடு நீங்கினார். 1818ஆம் ஆண்டில் பத்தேவியாவில் இறந்தார். அவ்வியக்கத்தைப் பற்றிச் சைமன் சாமா 1977ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலில் இவர் பெயர் காணப்படும். பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்னரே ஐரோப்பிய நகரொன்றில் குடியுரிமைக்காகப் போராடிய கூட்டத்தின் தலைவர் ஒரு தமிழ்ப்பெயர் தாங்கியிருந்தார் என்பது தமிழ் வரலாற்று நூல்களில் இடம்பெறத்தக்க செய்தியாம்.

1796ஆம் ஆண்டில் கொழும்பு ஆங்கிலேயர் வசமாயிற்று. அதன் பின்னரும் இக்குடியினர் தமிழொடு தொடர்பற்றுப் போகவில்லை. மொழிபெயர்ப்பாளராய் விளங்கிய யூர்கன் ஒண்டாச்சியையும், ஆங்கிலேயர் ஆட்சியில் தமிழ்க் குடியேற்றநாட்டுக் குருமாருள் இறுதியானவராகிய அவர் மகன் சைமனையும் மைக்கேல் ஒண்டாச்சி தம் நூலிற் குறிக்கின்றார். கொழும்புத் தூய தோமையர் கோயிலின் தரைக்கல்லில் இக்குடிப்பெயர் பொறிக்கப்பட்டிருந்தமையும் அந்நூலால் அறியலாகும். முதல்வர் வந்து ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும், அவர் வழியினர் தமிழர்க்குத் தமிழிற் சமயம் போதிக்கும் பதவியில் இருந்தனர் என்பது, இப்பெயரைத் தமிழ்ப்பெயர் என்று நாம் கூறுவதற்கு வரலாறு தரும் வலிமிக்க சான்று.

பிற்காலத்தே இக்குடியினருள் ஒரு சாரார் பறங்கியரோடு மணவுறவு கொண்டு அவருள் ஒருவராக எண்ணப்படலாயினர். 1908ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் ஆண்வழி ஐரோப்பிய மரபையே உறுப்பினர்க்கு உரிய தகுதியாகக் கொண்டது. அக்கோல் கொண்டு அளப்பின் தஞ்சை மருத்துவரின் ஆண்வழி ஐரோப்பிய மரபு ஆகாது. பெயரின் தோற்றத்தை நோக்கி ஒல்லாந்தக் குடி என்பார், ஒல்லாந்த மரபினரே வகுத்த நெறியாலும் மறுக்கப்படுகின்றனர்.

இன்றைய வழக்கு

இப்பெயர் இன்று மிக அருகியே வழங்குகின்றது. இலங்கையின் 2012ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் மொத்த மக்கள் 2,03,59,439 பேர். அவருள் இலங்கைச் செட்டிகள் எனப் பதியப்பட்டோர் 5,595, பறங்கியர் 38,293. இரு வகுப்பாரையும் கூட்டினாலும் 43,888 பேரே ஆவர். அஃதாவது பதினாயிரவர்க்கு ஏறத்தாழ 22 பேர். இப்பெயர் சிறப்பாக வழங்கி வந்த வகுப்புகள் இவ்விரண்டே. இவற்றுள்ளும் இது பல குடிப்பெயர்களுள் ஒன்று. 1956ஆம் ஆண்டில் சிங்களமே ஆட்சிமொழி எனச் சட்டம் இயற்றப்பட்ட பின்னர்ப் பறங்கியர் பலர் ஆஸ்திரேலியா, கனடா, இங்கிலாந்து ஆகிய நாடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். ஆதலின் பெயரின் வாழிடமும் இலங்கைக்கு அப்பால் பரந்துவிட்டது.

எண்ணிக்கையிற் சிறிய இப்பெயர் புகழிற் பெரிது. மைக்கேல் ஒண்டாச்சி 1943ஆம் ஆண்டில் கொழும்பிற் பிறந்தவர். 1992இல் புக்கர் பரிசும், அப்பரிசின் ஐம்பதாண்டு நிறைவையொட்டி 2018இல் பொன் புக்கர் பரிசும் பெற்றவர். அவர் தமையனார் கிறித்தோபர் ஒண்டாச்சியின் பெயரால் இலண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தில் 2000ஆம் ஆண்டில் ஒரு புதுப்பகுதி திறக்கப்பட்டது. 2004 முதல் ஓர் இலக்கியப் பரிசும் அவர் பெயரால் வழங்கப்பட்டு வருகின்றது. 2016ஆம் ஆண்டில் இலங்கையிற் கண்டறியப்பட்ட சிலந்தி வகை ஒன்றுக்கு நாவலாசிரியரின் பெயர் சூட்டப்பெற்றது. அவ்வறிவியற் பெயரில் தமிழ்ச்சொல் ஒல்லாந்து எழுத்தில் அமைந்து இலத்தீன் ஈறு பெற்று நிற்கின்றது.

முடிபு

பிறமொழிச் சொல் தமிழுள் வருங்கால் தமிழ் எழுத்திற்கு ஏற்ப வடிவம் கொள்ளும் என்பது தொல்காப்பியர் காலந்தொட்டு நாம் அறிந்த நெறி. தமிழ்ச்சொல் பிறமொழியுள் புகுங்காலும் அதுவே நிகழும். பிரெஞ்சியர் ஆட்சிக்குட்பட்ட தீவுகளில் முத்துசாமி 'மூட்டூசாமி' எனவும், வீரப்பிள்ளை 'விராப்பூலே' எனவும் உருத்திரிந்து இன்றும் குடிப்பெயர்களாய் வழங்குகின்றன. இவ்வாறு சென்ற பெயர்களை நாம் மீண்டும் தமிழில் எழுதுங்கால், அயலார் எழுத்தைப் பார்த்து ஒலிபெயர்த்தல் போதாது. பழைய வடிவை ஆய்ந்து மீட்டல் வேண்டும். 'ஒண்டாச்சி' என எழுதுதல் அங்ஙனம் மீட்டலாகும்.

இரா. பி. சேதுப்பிள்ளையவர்கள் 1946ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தமிழகம் ஊரும் பேரும்' நம் நாட்டு ஊர்ப்பெயர்களின் அருமையை நமக்கு உணர்த்திற்று. கடல் கடந்த தமிழ் மக்கட்பெயர்களுக்கும் அத்தகைய தொகுப்பு ஒன்று வேண்டும். ஒல்லாந்தர், போர்த்துக்கேயர், பிரெஞ்சியர், ஆங்கிலேயர் ஆகிய நால்வரும் தமிழ் ஒலிகளை எவ்வெவ்வாறு எழுதினர் என்பதற்கு எழுத்து அட்டவணை முதலில் வகுத்தல் வேண்டும். பின்னர்த் தோம்புகளையும் திருச்சபை ஏடுகளையும் அதன் துணைகொண்டு படித்தல் வேண்டும். ஏட்டில் அயற்பெயராய்க் கிடக்கும் தமிழர் பலரை நாம் இனங்காண்பதற்கு அதுவே வழி.