கோழிக்குப் போன நெத்திலி

மீன் மார்க்கெட்டில் வஞ்சிரம் வாங்கினால் எடை போட்டு, துண்டு எண்ணி, பேரம் பேசுவீர்கள். நெத்திலி என்றால்? ஒரு கூறு, இரண்டு கூறு... அவ்வளவுதான்! எண்ணிப் பார்க்கிற மீனா அது? இப்படித்தான் ஒரு தேசமே நினைத்தது. அந்த நினைப்புக்கு அது கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல.

அந்த தேசம், தென் அமெரிக்காவில் இருக்கும் பெரு. மீனின் பெயர் அன்சொவேட்டா. சாண் நீளம்கூடக் கிடையாது. நம்ம நெத்திலிக்குப் பங்காளி!

பெருவின் கடலோரத்தில் ஒரு விசேஷம். ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் சத்துக்களை அள்ளிக்கொண்டு மேலே வருகிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகும். அவற்றைத் தின்று அன்சொவேட்டா கொழுக்கும். அதைத் தின்னப் பெரிய மீன்கள், கடல் சிங்கங்கள், கோடிக்கணக்கில் பறவைகள்... ஆக, அந்தக் கடலின் மொத்தப் பந்தியும் இந்தப் பொடி மீனை நம்பித்தான்!

மீனைத் தின்ற பறவைகள் சும்மா இருக்குமா? கரைக்கு அருகிலிருந்த தீவுகளில் எச்சமிட்டன. மழையே இல்லாத பூமி. எச்சம் கரையாமல் மலையாகக் குவிந்தது. பெயர் குவானோ. பிரமாதமான உரம்! இன்கா மன்னர்கள் அதன் அருமை தெரிந்தவர்கள். பறவைகளைக் கொன்றால் மரண தண்டனை என்று சட்டம் போட்டிருந்தார்களாம். 1840களில் ஐரோப்பா விழித்துக்கொண்டது. கப்பல் கப்பலாகக் குவானோ போனது. பெருவின் கஜானா நிரம்பியது. 1864ல் ஸ்பெயின் கப்பற்படையை அனுப்பி, குவானோ குவிந்து கிடந்த சிஞ்சா தீவுகளைக் கைப்பற்றியது. ஆமாம், பறவை எச்சத்துக்கு அவ்வளவு மவுசு!

1950களில் ஒரு புது யோசனை. ‘நடுவில் பறவை எதற்கு? மீனையே நேராகப் பிடித்து அரைத்து விற்றால் என்ன?’ அதே சமயம் கலிஃபோர்னியாவில் மத்தி மீன் வளம் அழிந்து, தொழிற்சாலைகள் காற்றாடிக்கொண்டிருந்தன. அங்கிருந்த யந்திரங்கள் மலிவு விலையில் பெருவுக்கு வந்து இறங்கின. சிம்போட்டே என்ற சின்ன ஊர் மாபெரும் மீன்பிடித் துறைமுகமானது. பிடித்ததை மனிதர்கள் சாப்பிட்டார்கள் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. நாலைந்து கிலோ மீனை வேகவைத்து, உலர்த்தி, அரைத்தால் ஒரு கிலோ தூள். அது அமெரிக்க, ஐரோப்பியக் கோழிகளுக்கும் பன்றிகளுக்கும் தீவனம்!

முதலில் அபாய மணி அடித்தவை பறவைகள்தான். 1950களின் மத்தியில் இரண்டரைக் கோடிக்கு மேல் இருந்தவை, 1965 வாக்கில் அரைக் கோடிக்கும் கீழே போயின. யார் கவனித்தார்கள்? ஆண்டுக்கு 95 லட்சம் டன்னோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று நிபுணர்கள் எச்சரித்தார்கள். 1970ல் பிடித்ததோ 1.2 கோடி டன்னுக்கும் மேல்! உலகம் முழுக்க அந்த ஆண்டு கடலில் பிடித்த மீனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு.

1972ல் வந்தது எல் நினோ. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கடலின் மேல்பரப்பைச் சூடான நீர் மூடிக்கொள்ளும். கீழிருந்து சத்து மேலே வராது. பட்டினி கிடந்த மீன்கள், கரையோரமாக மிச்சமிருந்த குளிர் நீரில் ஒண்டிக்கொண்டன. வலை போட்டால் அள்ள அள்ள வந்தது! ‘மீனுக்கா பஞ்சம்?’ என்று இன்னும் வேகமாகப் பிடித்தார்கள். அத்தோடு கதை முடிந்தது. 1973ல் கிடைத்தது சுமார் 20 லட்சம் டன். நொடித்துப்போன தொழிலை அரசே எடுத்துக்கொண்டது. படகுக்காரர்களும் தொழிலாளர்களும் ஆயிரக்கணக்கில் பிழைப்பிழந்தார்கள்.

பெருவோடு போயிற்றா? மீன் தூள் இல்லை என்றதும் கோழிப் பண்ணைக்காரர்கள் சோயாவுக்குப் பாய்ந்தார்கள். வேறு காரணங்களும் சேர்ந்துகொள்ள, சோயா விலை மூன்று மடங்கானது. 1973 ஜூனில் அதிபர் நிக்ஸனின் அரசு சோயா ஏற்றுமதிக்கே தடை போட்டது. சோயா இல்லாமல் அடுப்பே மூட்டாத ஜப்பான் ஆடிப்போனது! பிற்பாடு பிரேசிலில் சோயா பயிரிட ஜப்பான் பணம் கொட்டியதற்கு அந்த அதிர்ச்சியும் ஒரு காரணம். எங்கோ ஒரு நெத்திலி இல்லாமல் போனால் எங்கெல்லாம் இடிக்கிறது பாருங்கள்.

அன்சொவேட்டா மறுபடி பெருக இருபது வருடங்கள் ஆயின. இப்போதெல்லாம் சீஸனுக்கு முன்னால் ஆய்வுக் கப்பல்கள் கடலுக்குப் போகின்றன. எத்தனை மீன், எவ்வளவு குஞ்சு என்று கணக்கெடுத்த பிறகே அனுமதி. 2023ல் எல் நினோ மறுபடி வந்தது. கணக்கெடுத்தால், பெரும்பாலும் குஞ்சுகள்! முக்கியமான வடக்கு, மத்தியக் கடற்பகுதியில் முதல் சீஸனையே ரத்து செய்துவிட்டார்கள். பெருவின் பொருளாதாரத்துக்கு அந்த ஆண்டு நல்ல அடி. படகுகள் கரையிலேயே நின்றன. ஆனால், மீன் மிஞ்சியது. அடுத்த ஆண்டே வலைகள் நிறைந்தன.

பெரு எண்ணக் கற்றுக்கொண்டுவிட்டது!