கடைவீதிக்கு நடந்து ஊரான மலையகம்

தேயிலைத் தோட்டத்தில் பிறந்த ஒருவரிடம் எந்த ஊர் என்று கொழும்பில் யாராவது கேட்டால், ஹட்டன் என்றோ தலவாக்கலை என்றோ கிட்டிய நகரத்தின் பெயர்தான் பெரும்பாலும் முதலில் வரும். தோட்டத்தின் பெயர் அதற்குப் பின், டிவிசன் கடைசியில். பிறந்தது தோட்டத்து வரிசை வீடான லயத்தில், உழைத்தது மலையில். ஊர் என்று சொல்லிக்கொள்ள மட்டும் நகரம் ஏன்? வெளியாருக்கு எளிதில் புரியும் என்பது ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம் வரலாற்றில் இருக்கிறது. தோட்டம், தமிழகத்திலிருந்து வந்த இந்த மலையக மக்களுக்கு வேலை தந்தது. இந்த மலைகளை அவர்களுடைய ஊராக்கியதோ, ஓய்வு நாளில் கடைவீதிக்கும் கோயிலுக்கும் அவர்கள் நடந்த நடை.

தோட்டம் ஏன் தானாகவே ஊராகவில்லை என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைத் துரை 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் தென்பட்ட இலைநோய் அதற்குமுன் பயிரான கோப்பியை அழிக்க, டிக்கோயா, டிம்புள்ளை மலைகளெல்லாம் தேயிலைக்கு மாறின. அங்கே விடிவதே தப்பின் ஒலியில். பிரட்டுக்களத்தில் நின்று பேர் பதிந்த பிறகுதான் அன்றைய நாள் தொடங்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக்காம்பரா, பீலித் தண்ணீர், நடக்கும் பாதை எல்லாமே தோட்டத்துக்குச் சொந்தம். கொடுத்த அரிசியின் விலையும் சம்பளத்தில் கழிந்தது. வேலை போனால் கூரையும் போகும். இப்படிப்பட்ட இடத்தில் மனிதர் தங்கலாம், வேரூன்றுவது கடினம். 1884இல் ஹட்டனுக்கு ரயில் வந்ததும் நிலையத்தை ஒட்டிய சரிவில் ஒரு கடைவீதி வளர்ந்தது. தமிழகத்திலிருந்து வந்த வணிகர், முஸ்லிம் வியாபாரிகள், சிங்களக் கடைக்காரர் அங்கே அடுத்தடுத்து இருந்தார்கள். துரையின் கட்டளை எட்டாத மண், தொழிலாளிக்கு அந்தத் தெருவில்தான் முதன்முதலாகக் கிடைத்தது.

நுவரெலியாவில் வெள்ளையரின் ஓய்வுக்காக ஒரு நகரமே வடிவமைக்கப்பட்டது. 1873இல் கிரகரி ஏரி, 1876இல் ஹில் கிளப், கூடவே குதிரைப் பந்தயமும் கோல்ப் திடலும். தொழிலாளிக்கு அப்படி எதையும் யாரும் கட்டித் தரவில்லை. குறுக்குப் பாதையில் இறங்கி, சந்தையில் கருவாடும் மரக்கறியும் வாங்கி, தேநீர்க்கடையில் ஒருவர் உரக்கப் படிக்கும் பத்திரிகைச் செய்தியைக் கேட்டு, பக்கத்துத் தோட்டத்து உறவுக்காரரைக் கண்டு பேசி, மாலையில் மலையேறித் திரும்புவதுதான் அவர் பயணம். சிறியதாகத் தோன்றும் இதன் வலிமையைத் தொழிற்சங்கவாதி கோ. நடேசய்யர் அறிந்திருந்தார். வெளியார் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் முதலில் அவர் போனது புடவை வியாபாரி வேடத்தில். கடைவீதியிலிருந்து வரும் துணி மூட்டைக்கு மட்டும் லயத்தின் கதவு திறந்திருந்தது. 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியபோது அவர் தளமாகக் கொண்டதும் ஹட்டன் நகரத்தையே. கூட்டம் கூட இடமும், கூடியவர் ஒருவரையொருவர் முன்பே அறிந்த பழக்கமும் அங்கேதான் இருந்தன.

பெயர்களும் இதையே சொல்கின்றன. தோட்டங்களுக்குத் துரைமார் தம் நாட்டுப் பெயர்களை இட்டார்கள். மக்கள் அவற்றோடு நிற்காமல் தாங்களாகவும் பெயரிட்டார்கள். சிவனொளிபாதமலை அடிவாரத்தில் டல்ஹவுசி என்று வரைபடம் சொல்லும் இடம் அவர்கள் வாயில் நல்லதண்ணி. நடந்து களைத்துத் தண்ணீர் குடித்தவரல்லாமல் வேறு யார் இப்படிப் பெயர் வைப்பார்கள்? மாரியம்மன் திருவிழாவில் கரகமும் பால்குடமும் போன வழிகளும், மாசியில் காமன் கூத்து ஆடிய திடல்களும் இதுபோலவே நடந்து நடந்து சொந்தமானவை.

இதற்கு மறுப்பு உண்டு. நகரத்துக்குப் போனது தேவைக்காக, அங்கே காத்திருந்தது கடைக்கடன், அதை மகிழ்ச்சி என்பதா என்று கேட்கலாம். கடன் இருந்தது உண்மை. ஆனால் ஆட்களைத் திரட்டி மேற்பார்த்த கங்காணியின் கடன், துண்டுச் சீட்டு முறை 1921இல் ஒழிக்கப்படும்வரை, அந்தச் சீட்டில் எழுதப்பட்டுத் தொழிலாளியைத் தோட்டம் தோட்டமாகத் துரத்தியது. கடைவீதியில் அவர் பேரம் பேசலாம், பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். சம்பள மேசையின் முன் இல்லாத உரிமை அது. இந்தியாவுக்குப் போய் வந்துகொண்டிருந்தவர்கள் எப்படி ஊன்றியவர்கள் ஆவார்கள் என்று கேட்போருக்கு, அரசியல் சீர்திருத்தத்தை ஆராய்ந்த டொனமூர் ஆணைக்குழு 1928இலேயே அவர்களில் 40 முதல் 50 வீதத்தினரை நிரந்தரக் குடிகளாக மதிப்பிட்டதைக் காட்டலாம். மூன்றாவது மறுப்பே கனமானது: கொழுந்து பறித்த பெண்ணுக்கு ஞாயிறும் அடுப்படியில்தான் கழிந்தது. கடைவீதி நடை பெரிதும் ஆண்களுக்கே வாய்த்தது. பெண்ணுக்குத் திருவிழாவும் கலியாண வீடும்தான் மிஞ்சின. இந்த ஊரில் அவளுக்குக் குறைந்த பங்கே கிடைத்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சட்டம் இந்த உறவை மதிக்கவில்லை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் 2003 வரை காத்திருந்தது. அந்த இடைக்காலம் முழுதும் ஞாயிறுதோறும் கடைவீதிக்கு இறங்கியவர்களைக் கடைக்காரர் பெயர் சொல்லியே அழைத்தார். காகிதம் மறுத்த ஊரைக் கால்கள் விடவில்லை.

1960களின் இறுதியில் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. கடைகள் மேட்டுக்கு ஏறின, பெயரும் கூடவே ஏறியது. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயிலின் சுவர்கள் இன்றும் வெளியே தெரிகின்றன. அப்போது சுற்றுத் தோட்டங்களிலிருந்து மக்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, காய்ந்து வெடித்த சேற்றில் நடந்துபோய் அதைப் பார்க்கிறார்கள். வாங்க அங்கே கடையில்லை, வேலையும் இல்லை. தங்கள் ஊரைப் பார்க்கப் போகிறார்கள்.