மரத்தடியில் படித்தவர் ஒட்டிய பரம்பரையலகு

கொரோனா காலத்தில் பீ.சீ.ஆர் என்ற சொல் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் லயம் லயமாகப் புழங்கியது. எங்கள் முஸ்லிம் ஊர்களில் அதற்கு இன்னொரு பாரமும் இருந்தது. 2020 ஏப்ரல் வர்த்தமானிக்குப் பிறகு, பெறுபேறு 'பொசிட்டிவ்' என்றால் ஜனாஸாவை அடக்க முடியாது, எரிப்புத்தான். 2021 பெப்ரவரியில்தான் அது மாறியது. ஒரு சின்னக் குழாய்க்குள் நடந்த வேலையை நம்பியே எங்கள் மையித்துகளின் கதி இருந்தது. அந்தக் குழாய்க்குள் என்ன நடக்கிறது என்பது உயர்தர உயிரியலில் பாடம். பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். அதற்குப் பின்னாலுள்ள மனிதரைச் சொன்னால் இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

ஹர் கோபிந்த் கொரானா 1922இல் பஞ்சாப்பின் ராய்ப்பூர் என்ற கிராமத்தில் பிறந்தார். இன்று அது பாகிஸ்தான். ஏறக்குறைய நூறு பேர் வாழ்ந்த ஊர். எழுத வாசிக்கத் தெரிந்த குடும்பம் அநேகமாக அவருடையது மட்டும்தான். தகப்பன் நிலவரிக் கணக்கெழுதும் பட்வாரி, வசதி இல்லை. முதல் வகுப்புகள் மரத்தடியில். லாகூர், லிவர்பூல், சூரிச், கேம்பிரிஜ், கனடா என்று சுற்றி அமெரிக்காவின் விஸ்கொன்சினுக்குப் போனார். 1968இல் நோபல் பரிசு. (தோட்டப் பாடசாலையில் கூரை ஒழுகுகிறது என்று சொல்லிப் பிள்ளையை நிறுத்துவோர் இந்தப் பந்தியை இன்னொரு தடவை வாசிக்கலாம்.)

பரிசோடு அவர் ஓயவில்லை. ஒரு பரம்பரையலகையே கையால் செய்ய நினைத்தார். நீளமான டீ.என்.ஏ இழையை ஒரேயடியாகச் செய்ய அன்று வழி இல்லை, துண்டு துண்டாகத்தான் முடியும். அப்படியானால் எப்படி ஒட்டுவது? செங்கல் சுவரைப் பாருங்கள். கீழ் வரியில் இரண்டு கல் சேரும் பொருத்துக்கு மேலே, மேல் வரிக் கல்லின் நடுப்பகுதி வந்து உட்காரும். கொரானா அதையே செய்தார். மேல் இழைத் துண்டுகள் இரண்டு சேரும் இடத்தைக் கீழ் இழைத் துண்டு ஒன்று பாலம்போலத் தாங்கும். ஏ ரீயோடும், ஜீ சீயோடும் மட்டுமே சேரும் என்பதால் துண்டுகள் தாமாகவே இடம் பிடிக்கும். பிறகு லைகேஸ் என்ற நொதியம் பொருத்தை மூடும். 1970இல் 77 சோடி எழுத்துகள் கொண்ட பரம்பரையலகு முழுமையாயிற்று. 1976இல் அவரது குழு செய்த இன்னொன்று, உயிருள்ள பக்றீரியாவுக்குள் வேலையும் செய்தது.

இடையில் 1971இல், அவரது ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கிளெப்பேயும் மற்றவர்களும் இரண்டு சிறு பிரைமர்களை வைத்து டீ.என்.ஏயைப் பிரதி எடுக்கும் யோசனையை எழுதினார்கள். அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 1983இல் கேரி மலிஸ் அதே வழியைப் பீ.சீ.ஆர் ஆக்கி, 1993இல் நோபல் பெற்றார். முதலில் யாருக்கு உரியது என்ற வாதம் இன்னும் இருக்கிறது. எங்கள் பார்வையில் மரத்தடிக்காரருக்கும் அதில் பங்குண்டு.

பிரைமரில் வால் கட்டலாம் என்பதுதான் அடுத்த கெட்டித்தனம். பிரைமரின் பின்பாதி தன் துண்டில் ஒட்டும். வால் அயல் துண்டின் எழுத்துகளைச் சுமக்கும். பிரதி எடுத்ததும் இரண்டு துண்டின் ஓரங்களும் ஒன்றாகிவிடும். 2009இல் டானியல் கிப்சன் அத்தகைய துண்டுகளை ஒரே குழாயில், 50 பாகை செல்சியஸில், ஒரு மணித்தியாலத்தில் சேர்த்துக் காட்டினார். ஒரு நொதியம் ஓரங்களை அரித்து ஒற்றை இழையாக்கும், அவை சோடி சேரும், இரண்டாவது இடைவெளியை நிரப்பும், மூன்றாவது மூடும்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. முதல் துண்டு ஜீ-ஏ-சீ-ரீ-ரீ-சீ என முடிகிறது. இரண்டாவது ஏ-ரீ-சீ-ஜீ-ஜீ-ரீ எனத் தொடங்குகிறது. இரண்டாம் துண்டின் முன் பிரைமர் லேசு: இந்தப் பன்னிரண்டையும் அதே ஒழுங்கில் எழுதினால் போதும். (உண்மையில் பாதிக்கு இருபது எழுத்தளவு வேண்டும்.) முதல் துண்டின் பின் பிரைமர் என்ன? வால் வேண்டாம். எதிர் இழையை, கடைசியிலிருந்து வாசிக்க வேண்டும். அங்கேதான் பெரும்பாலானோர் தடுமாறுவார்கள். பிள்ளை எழுதிய பிறகு ஒப்பிடுங்கள்: ஜீ-ஏ-ஏ-ஜீ-ரீ-சீ.