கால் பங்கா, முக்கால் பங்கா?

ஒரு சர்வரில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை நிறுவிவிட்டு, நினைவகத்தை எப்படிப் பிரிப்பது என்று கேட்டால், இருக்கிற ரேமில் கால் பங்கை ஷேர்டு பஃபர்ஸுக்கு ஒதுக்கச் சொல்வார்கள். 40 சதவீதத்தைத் தாண்டிப் பெரிய பலன் இருக்காது என்று அதன் கையேடே சொல்கிறது. அதே கணினியில் மைஎஸ்க்யூஎல் ஓடுவதாக இருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். அதன் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபியின் பஃபர் பூலுக்கு 70, 80 சதவீதம் வரை தாராளமாகக் கொடுக்கலாம் என்பார்கள். இரண்டும் டிஸ்கிலிருந்து படித்த பக்கங்களை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, மறுபடி கேட்கும்போது உடனே எடுத்துக்கொடுக்கும் மென்பொருள்கள்தான். பிறகு ஏன் ஒன்றுக்குக் கால், இன்னொன்றுக்கு முக்கால்?

விடையைத் தேடி 1970களின் கலிபோர்னியாவுக்குப் போக வேண்டும்.

பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வாங்கும் உருவாக்கிய இங்க்ரெஸ் தரவுத்தளம், பிடிபி-11 கணினியில் யூனிக்ஸின் மேல் ஓடியது. அந்தக் கணினியின் முகவரி 16 பிட்தான். அதனால் ஒரு ப்ராசஸின் கண்ணுக்கு 64 கே.பி. நினைவகத்துக்கு மேல் தெரியாது. இங்க்ரெஸ் அதற்குள் அடங்கவில்லை. அதை நான்கு ப்ராசஸ்களாக வெட்டி, பைப் வழியாக ஒன்றோடொன்று பேச வைத்தார்கள். இந்த நெருக்கடியில் படித்த பக்கங்களைச் சேர்த்துவைக்கும் வேலையைப் பெரும்பாலும் யூனிக்ஸிடமே விட்டுவிட வேண்டியிருந்தது.

அந்த அனுபவத்தின் கசப்பு 1981இல் ஸ்டோன்பிரேக்கர் எழுதிய ஒரு கட்டுரையில் வெளிப்பட்டது. இயங்குதளத்தின் கேஷ், நெடுநேரமாகத் தொடப்படாத பக்கத்தை முதலில் வெளியேற்றும். சாதாரணக் கோப்புகளுக்கு அது சரி. தரவுத்தளமோ ஒரு பெரிய அட்டவணையைத் தலையிலிருந்து வால்வரை ஒருமுறை படிக்கும். அந்தப் பக்கங்கள் மறுபடி தேவைப்படாது. ஆனால் அவை புதிதாக வந்தவை என்பதால் கேஷில் உட்கார்ந்துகொள்ளும். மறுபடி தேவைப்படும் இண்டெக்ஸ் பக்கம் வெளியே போய்விடும். எழுதுவதிலும் சிக்கல் இருந்தது. மாற்றத்தின் பதிவு டிஸ்கை அடைந்த பிறகுதான் மாறிய பக்கம் போக வேண்டும். இந்த வரிசை இயங்குதளத்துக்குத் தெரியாது. எந்தப் பக்கம் அடுத்து வேண்டும், எது வேண்டாம் என்பது தரவுத்தளத்துக்கே தெரியும். ஆகவே நினைவகத்தை அதுவே ஆள வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

ஆளலாம். எவ்வளவு நினைவகம் வாங்குவது? இந்தக் கேள்விக்கு டான்டம் நிறுவனத்தில் இருந்த ஜிம் கிரேயும் ஃபிராங்கோ புட்சோலுவும் சொன்ன பதில், இந்தத் துறையில் எழுதப்பட்ட மிக அழகான கணக்குகளில் ஒன்று. 1987இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின்படி, விநாடிக்கு 15 முறை படிக்கும் டிஸ்கின் விலை சுமார் 15,000 டாலர். ஆக, விநாடிக்கு ஒரு வாசிப்புக்கு ஆயிரம் டாலர். அதைக் கையாளும் சிபியு வகையறாவுக்கு இன்னோர் ஆயிரம். நினைவகம் அன்று எம்.பி.க்கு 5,000 டாலர், அதாவது கே.பி.க்கு 5 டாலர். 2,000 டாலரை 5ஆல் வகுத்தால் 400. ஒரு கே.பி. தகவல் 400 விநாடிக்குள் மறுபடி தேவைப்படுமானால் அதை நினைவகத்தில் வைத்திருப்பதே லாபம். இதைச் சுருக்கி 'ஐந்து நிமிட விதி' என்று பெயரிட்டார்கள். பத்தாண்டு கழித்து கிரே, கோட்ஸ் கிரேஃபேயுடன் சேர்ந்து மறுபடி கணக்கிட்டபோது நினைவகமும் டிஸ்கும் பல மடங்கு மலிந்திருந்தன. ஆனாலும் 8 கே.பி. பக்கத்துக்கு விடை ஏறக்குறைய அதே ஐந்து நிமிடமாக வந்தது.

மாறிய பக்கங்களை டிஸ்குக்கு அனுப்பாமல் நினைவகத்திலேயே நெடுநேரம் வைத்திருக்கும்போது மின்சாரம் போனால்? இந்த அச்சத்தைப் போக்கியதில் ஒரு தமிழருக்குப் பெரும் பங்கு உண்டு. சென்னை ஐஐடியில் வேதிப் பொறியியல் படித்து ஐபிஎம்முக்குப் போன சி. மோகனும் சகாக்களும் 1992இல் ஏரீஸ் முறையை விரிவாக வெளியிட்டார்கள். மாற்றங்களின் பதிவான லாக் பத்திரமாக இருந்தால் போதும், பக்கங்கள் எப்போது டிஸ்குக்குப் போனாலும் எல்லாவற்றையும் மீட்டுவிடலாம் என்று அது காட்டியது. பெரிய பஃபர் பூலை நம்பி ஒதுக்க முடிகிறதென்றால் அதற்கு இதுவும் காரணம்.

ஸ்டோன்பிரேக்கரின் வாதத்தை அப்படியே பின்பற்றியது ஹெய்க்கி தூரி எழுதிய இன்னோடிபி. பஃபர் பூலின் பட்டியலில் எட்டில் மூன்று பங்கைப் 'பழைய' பகுதியாக ஒதுக்கி, புதிதாக வரும் பக்கத்தை அதன் தலைப்பகுதியில்தான் சேர்க்கிறது. ஒருமுறை மட்டும் படிக்கப்பட்ட அட்டவணைப் பக்கங்கள் அங்கிருந்தே வெளியேறிவிடும். இயங்குதளத்தின் கேஷைத் தாண்டி டிஸ்கோடு நேரடியாகப் பேசவும் அதனால் முடியும். முக்கால் பங்கு கேட்பது இந்த பலத்தில்தான்.

வியப்பு என்னவென்றால், ஸ்டோன்பிரேக்கர் 1986இல் அதே பெர்க்லியில் தொடங்கிய போஸ்ட்கிரெஸின் வாரிசு எதிர்த்திசையில் வளர்ந்தது. இன்றைய போஸ்ட்கிரெஸ் தன் பஃபருக்குக் கால் பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை லினக்ஸின் கேஷ் பயன்படுத்திக்கொள்ளும் என்று நம்புகிறது. ஒரே பக்கம் இரண்டு இடத்திலும் இருக்க நேரும் என்பதாலேயே பஃபரை அளவுக்கு மீறிப் பெருக்குவதில் பலன் குறைகிறது.

இந்த அடக்கத்துக்கு இயங்குதளத்தின் கருவான கெர்னலும் ஒரு காரணம். பல ஆண்டுகளாக போஸ்ட்கிரெஸ் தன் பகிர்வு நினைவகத்தை சிஸ்டம் ஃபைவ் முறையில் வாங்கியது. அதற்கு ஷம்மேக்ஸ் என்ற கெர்னல் வரம்பு உண்டு. அன்று லினக்ஸில் அது இயல்பாக 32 எம்.பி.யாக இருந்தது. பஃபரை உயர்த்திவிட்டு சர்வரை மறுபடி தொடங்கினால், அது எழுந்திருக்காமல் பிழைச்செய்தியோடு நின்றுவிடும். ரூட் அனுமதி பெற்று சிஸ்சிடிஎல் கோப்பில் வரம்பை மாற்றுவது ஒரு தலைமுறை தரவுத்தள நிர்வாகிகளின் (டிபிஏ) முதல் பாடம். 2013இல் வந்த 9.3 பதிப்பு எம்மேப் முறைக்கு மாறியதும் அந்தத் தொல்லை ஒழிந்தது. இயல்பு அளவும் 128 எம்.பி. ஆனது.

காப்புரிமையும் ஒருமுறை குறுக்கே வந்தது. 2005 ஜனவரியில் வெளியான போஸ்ட்கிரெஸ் 8.0, எந்தப் பக்கத்தை வெளியேற்றுவது என்று முடிவுசெய்ய ஐபிஎம் ஆய்வாளர்களின் ஆர்க் முறையைப் பயன்படுத்தியது. அதற்கு ஐபிஎம் காப்புரிமை கோரியிருப்பது தெரிந்ததும், சில மாதங்களிலேயே 8.0.2இல் வேறு முறைக்கு மாறினார்கள். அந்த ஆண்டின் இறுதியில் வந்த 8.1இல் கடிகாரமுள் போலச் சுற்றிவரும் 'கிளாக் ஸ்வீப்' இடம்பிடித்தது.

பஃபரைவிட ஆபத்தானது வொர்க் மெம், அதாவது சார்ட் போன்ற வேலைகளுக்கு ஒதுக்கும் நினைவகம். 8.0க்கு முன்பு இதன் பெயர் சார்ட் மெம். இது பந்திக்கு மொத்தமாக அளக்கும் அரிசி அல்ல, ஒவ்வோர் இலைக்கும் வைக்கும் அளவு. ஒரே வினவல் இரண்டு மூன்று இலை போடவும் கூடும். இதை 64 எம்.பி. என்று வைத்து, 200 இணைப்புகள் ஒரே நேரத்தில் ஆளுக்கு ஒரு சார்ட் செய்தாலே 12 ஜி.பி.க்கு மேல் போய்விடும். நினைவகம் தீர்ந்தால் லினக்ஸ் ஏதாவது ஒரு ப்ராசஸைக் கொல்லும். கொல்லப்பட்டது போஸ்ட்கிரெஸின் ப்ராசஸ் என்றால், பகிர்வு நினைவகம் கெட்டிருக்கலாம் என்று அஞ்சி மற்ற இணைப்புகளும் துண்டிக்கப்படும்.

ஆரக்கிள் தன் 10ஜி பதிப்பிலும், ஐபிஎம்மின் டிபி2 தன் 9ஆம் பதிப்பிலும் நினைவகப் பங்கீட்டைத் தாமே செய்துகொள்ளக் கற்றன. போஸ்ட்கிரெஸில் இன்னும் மனிதர்தான் எண்ணை எழுதுகிறார். ஆனால் 2023இல் வந்த 16ஆம் பதிப்பில், இயங்குதளத்தின் கேஷைத் தாண்டி டிஸ்கை நேரடியாக அணுகும் வசதி, சோதனை செய்பவர்களுக்கான அமைப்பாக நுழைந்தது. 2025இன் 18ஆம் பதிப்பு, ஒரு வாசிப்பு முடியும்வரை காத்திராமல் அடுத்ததைக் கேட்கும் திறனைக் கொண்டுவந்தது. நேரடி அணுகலால் இயங்குதளம் முன்கூட்டியே படித்துத் தரும் உதவியை இழந்தாலும் சமாளிக்க இது அவசியம். நேரடி அணுகல் எல்லோருக்குமான வசதியாகும் நாளில், கால் பங்குக் கணக்கை டிபிஏக்கள் முதலிலிருந்து போட வேண்டியிருக்கும்.